வீடு வாங்கியதும் பூட்டு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய உரிமையாளர் எல்லாச் சாவிகளையும் கொடுத்துவிட்டார். அப்படியும் மாற்ற வேண்டுமா?

ஆம். அவர் கொடுத்தது அவர் கையில் இருந்த சாவிகளை மட்டும்தான். அவருக்கு முன்னால் அந்த வீட்டை வைத்திருந்தவர், இடையில் வாடகைக்கு இருந்தவர், வீட்டு வேலைக்கு வந்தவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவி வாங்கிய பக்கத்து வீட்டார், வீட்டைக் காட்ட வந்த தரகர் என்று ஒரு சாவி போய்வந்த கைகளை அவராலேயே எண்ணிச் சொல்ல முடியாது. சாதாரணச் சாவிக்கு நகல் வெட்டச் சில நிமிடங்கள் போதும். வெட்டியதற்கான அடையாளம் சாவியிலும் இருக்காது, பூட்டிலும் இருக்காது.

பூட்டு கெட்டுப்போனதால் மாற்றுவதில்லை. சாவிக் கணக்கு நம்மிடம் இல்லாததால் மாற்றுகிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. நகல் சாவியால் திறந்து நடந்த திருட்டில் உடைத்த தடயம் இருக்காது. உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் இழப்பீடு என்று சொல்லும் காப்பீட்டு ஒப்பந்தங்கள் உள்ளன. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாகக் கட்டிய வீடு. யாரும் குடியிருக்கவில்லை. அதற்கும் தேவையா?

கட்டுமானக் காலத்தில் அந்தச் சாவி தச்சர், மின் பணியாளர், குழாய் பணியாளர், பெயின்டர், மேற்பார்வையாளர் எல்லோரிடமும் போய்வந்திருக்கும். ஆகவே தேவைதான். சில கட்டுநர்கள் இதற்கென்றே செய்த சிலிண்டர்களை, அதாவது பூட்டில் சாவி நுழையும் பகுதியை, பொருத்துகிறார்கள்: உரிமையாளரின் சாவியை முதல்முறை போட்டுத் திருப்பியதும் வேலையாட்களின் சாவி செயலிழந்துவிடும். உங்கள் வீட்டில் அந்த வகை இருப்பதாகச் சொன்னால், வேலையாட்களின் சாவி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் சரி.

எந்த நாளில் மாற்றுவது நல்லது?

வீடு சட்டப்படி உங்கள் கைக்கு வந்த அன்றே, சாமான்கள் உள்ளே வருவதற்கு முன். அதற்கு முன்னால் தொட வேண்டாம். கைமாறும் வரை அது அவர்கள் வீடு.

குடிபுகுமுன் மராமத்து வேலை இருந்தால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதல் நாளே வாசல் கதவுக்கு விலை குறைந்த சிலிண்டர் ஒன்றைப் போட்டு, அதன் சாவியை வேலையாட்களுக்குக் கொடுங்கள். வேலை முடிந்து கடைசி ஆள் போனதும் அதைக் கழற்றிவிட்டு நல்ல சிலிண்டரைப் பொருத்துங்கள். நல்ல சிலிண்டரை முதலிலேயே போட்டு அதன் சாவியைச் சுற்றுக்கு விட்டால் மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

முழுப் பூட்டையும் மாற்ற வேண்டுமா, சிலிண்டர் மட்டும் போதுமா?

பெரும்பாலான வீடுகளில் சிலிண்டர் மட்டும் போதும். காரணம் பூட்டின் அமைப்பில் இருக்கிறது. இன்று உலகெங்கும் பயன்படும் பின் சிலிண்டர் பூட்டு, 1860-களில் லைனஸ் யேல் ஜூனியர் செம்மைப்படுத்திய வடிவத்தின் வழிவந்தது. உள்ளே சுழலும் உருளை ஒன்று. அதற்குக் குறுக்காக வரிசையில் பெரும்பாலும் 5 அல்லது 6 துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், மேலே இன்னொரு பின், அதற்கும் மேலே ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் இரண்டு பின்களும் சந்திக்கும் இடங்கள் அனைத்தும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை சுழலும். ஒரு பின் மட்டும் அரை மி.மீ. மேலேயோ கீழேயோ நின்றாலும் சுழலாது. ஆக, ‘எந்தச் சாவி’ என்ற தகவல் முழுவதும் சிலிண்டருக்குள் இருக்கிறது. கதவுக்குள் இருக்கும் பூட்டுப் பெட்டி, அதிலிருந்து நீண்டு கதவைப் பூட்டும் நாக்கு, கைப்பிடி எதற்கும் சாவியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அதனால் உங்கள் முன் மூன்று வழிகள். சிலிண்டரைக் கழற்றி வேறொன்று பொருத்துவது முதலாவது. அதே சிலிண்டருக்குள் பின்களை மட்டும் மாற்றிப் புதுச் சாவிக்கு இசைப்பது இரண்டாவது. பூட்டையே மாற்றுவது மூன்றாவது. பெட்டி தேய்ந்து நாக்கு திக்கினாலோ, பூட்டின் தரமே போதாது என்றாலோ, சிலிண்டர் தனியே கழலாத வகை என்றாலோதான் மூன்றாவது வழிக்குப் போக வேண்டும்.

என் கதவில் இருப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கதவைத் திறந்து அதன் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். அங்கே நீளமான உலோகத் தகடு இருந்து, சாவித்துளைக்கு நேராக அதில் ஒரு திருகுத் தலை தெரிந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் யூரோ சிலிண்டர். வெளியே பார்க்க மேலே வட்டமும் கீழே நீண்ட வாலும் சேர்ந்த வடிவில் இருக்கும்.

விளிம்பில் சிறிய தகடும் ஒற்றை நாக்கும், வெளியே தனி வட்டமான சாவிமுகமும், உள்ளே இரண்டு திருகுகளும் இருந்தால் டெட்போல்ட். கதவின் உட்பரப்பின் மேல் பெட்டி போல ஒட்டியிருந்தால் ரிம் பூட்டு அல்லது நைட் லாட்ச். சாவி நீண்ட தண்டாகவும் நுனியில் கொடி போன்ற பட்டையோடும் இருந்தால் லீவர் பூட்டு. இதில் சிலிண்டரே கிடையாது. குமிழ்க் கைப்பிடியின் நடுவிலேயே சாவித்துளை இருந்தால் குமிழ் பூட்டு. அதன் நாக்கு ஸ்பிரிங்கால் மட்டும் நிற்பது. மெல்லிய தகட்டைச் செருகித் தள்ளினால் பின்வாங்கக்கூடியது. வெளிக்கதவை அது ஒன்றை மட்டும் நம்பி விட வேண்டாம்.

யூரோ சிலிண்டரை எப்படி அளப்பது?

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். முழு நீளத்தை மட்டும் அளந்து வாங்கிவிட்டு, பிறகு ஒரு பக்கம் துருத்திக்கொண்டு மறுபக்கம் உள்ளே போய்விட்டது என்கிறார்கள். யூரோ சிலிண்டருக்கு இரண்டு அளவுகள். விளிம்பில் தெரியும் அந்தத் திருகின் நடுப்புள்ளியிலிருந்து வெளிமுனை வரை ஒன்று, உள்முனை வரை இன்னொன்று. 35/45 என்றால் ஒரு பக்கம் 35 மி.மீ., மறுபக்கம் 45 மி.மீ. பெரும்பாலும் 5 மி.மீ. இடைவெளியில் அளவுகள் கிடைக்கும். 40/40-உம் 35/45-உம் மொத்தத்தில் 80 மி.மீ.தான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

உள்ளே கைக்குமிழ் வைத்த சிலிண்டர் என்றால் எந்தப் பக்கம் குமிழ் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இருபுறமும் சாவி உள்ளதைத் திருப்பிப் போடலாம்; குமிழ் உள்ளதைப் போட முடியாது.

பழைய சிலிண்டரின் அளவை அப்படியே நகலெடுக்கவும் வேண்டாம், அதுவே தவறான அளவாக இருக்கலாம். கைப்பிடித் தகட்டின் வெளிப்பரப்பு வரை அளந்து பாருங்கள். சிலிண்டர் அந்தப் பரப்போடு சமமாக நிற்க வேண்டும்; மிஞ்சினால் 3 மி.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் இடுக்கியால் பற்றி ஒடிக்கப் பிடி கிடைத்துவிடும்.

யூரோ சிலிண்டரை நானே மாற்றலாமா?

மாற்றலாம். ஒரு ஸ்க்ரூடிரைவரும் பழைய சாவியும் போதும். பழகாத கைக்கும் கால் மணி நேர வேலை. கதவைத் திறந்த நிலையிலேயே, நாக்கு உள்ளே இழுக்கப்பட்டிருக்கும்போது தொடங்குங்கள். விளிம்பில் உள்ள திருகை முழுவதும் கழற்றி எடுங்கள். சாவியைச் செருகி 10 முதல் 30 பாகைக்குள் மெல்லத் திருப்பிக்கொண்டே சிலிண்டரை வெளிப்பக்கமோ உட்பக்கமோ தள்ளுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் அது வழுக்கிக்கொண்டு வரும். சிலிண்டரின் நடுவில் துருத்தி நின்று நாக்கை நகர்த்தும் இதழ் சிலிண்டர் உடலோடு ஒரே கோட்டுக்கு வரும் கோணம் அது.

புதியதையும் அவ்வாறே இதழை நேராக்கிச் செருகுங்கள். திருகின் துளை நேருக்கு நேர் வந்ததும் திருகைப் போட்டு, முழுவதும் இறுக்கும் முன் சாவியைப் பல தடவை திருப்பிப் பாருங்கள். பிறகு இறுக்குங்கள், மறுபடியும் திருப்புங்கள். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும், எல்லாச் சாவிகளாலும், கதவு திறந்திருக்கும்போதே சோதியுங்கள். அதன் பிறகு மட்டும் கதவைச் சாத்துங்கள். சோதிக்காமல் சாத்தி, சாவி சுழலாமல் நின்று, புத்தம் புதுச் சிலிண்டரைத் துளைத்து எடுக்க வேண்டிய நிலை வருவது இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால்தான்.

திருகை எடுத்தும் சிலிண்டர் வரவில்லையே?

பத்தில் ஒன்பது முறை இதழ் நேராக நிற்கவில்லை என்பதே காரணம். சாவியை வெளியே எடுக்கும் நிலையில் பல சிலிண்டர்களின் இதழ் சற்றுப் பக்கவாட்டில்தான் நிற்கும். அதனால் சாவியை எடுத்துவிட்டு இழுத்தால் வராது. சாவி உள்ளே இருந்தபடி இரு திசையிலும் சிறிது சிறிதாகத் திருப்பிப் பாருங்கள். கைப்பிடித் தகடு சிலிண்டரை நெருக்கிப் பிடித்திருந்தால் தகட்டின் திருகுகளைத் தளர்த்துங்கள். சில கதவுகளில் சிலிண்டர் முகத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் இருக்கும். அது உள்ளிருந்து கழலும். சுத்தியலால் மட்டும் தட்டாதீர்கள். இதழ் வளைந்தால் பூட்டுப் பெட்டியும் சேர்ந்து போகும்.

பொருத்திவிட்டேன், ஆனால் சாவி இறுக்கமாகச் சுழல்கிறது.

விளிம்புத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். அதிகம் இறுக்கினால் சிலிண்டர் ஒரு பக்கம் இழுபட்டு உருளை நெருங்கும். அப்படியும் சரியாகாவிட்டால் திருகின் நீளத்தைப் பாருங்கள். அது எம்5 (5 மி.மீ. விட்டம்) மரையுள்ள திருகு. பின்தூரத்தோடு 5 மி.மீ. கூட்டிய நீளம் போதும். பின்தூரம் என்பது கதவு விளிம்பிலிருந்து சாவித்துளையின் நடுவரை உள்ள தொலைவு. மிக நீண்ட திருகு சிலிண்டரைக் கடந்து பெட்டியின் உட்பாகங்களில் முட்டும்.

கதவு திறந்திருக்கும்போது எளிதாகச் சுழன்று, சாத்தியதும் இறுகினால் குறை சிலிண்டரில் இல்லை. நாக்கு, கதவின் நிலைச்சட்டத்தில் உள்ள தகட்டின் துளைக்கு நேராக இல்லை. நாக்கின் முனையில் சாக்குக்கட்டியைத் தடவி, கதவைச் சாத்திச் சாவியைத் திருப்புங்கள்; எங்கே இடிக்கிறது என்பதைத் தகட்டில் பதிந்த கறை காட்டிக்கொடுக்கும். ஒன்றிரண்டு மி.மீ. என்றால் தகட்டை அரத்தால் தேயுங்கள். அதற்கு மேல் என்றால் முதலில் மேல் கீலின் திருகுகளைப் பாருங்கள். அவை தளர்ந்து கதவு தொங்கியிருப்பதுதான் பெரும்பாலும் மூலக் காரணம். அவற்றை இறுக்கினாலே நாக்கு தன் இடத்துக்கு வந்துவிடும்.

டெட்போல்ட்டை மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நான்கு அளவுகளை. கதவுப் பரப்பில் உள்ள பெரிய துளை வழக்கமாக 54 மி.மீ. விளிம்பில் நாக்கு செல்லும் துளை வழக்கமாக 25 மி.மீ. பின்தூரம் 60 அல்லது 70 மி.மீ.; இரண்டுக்கும் நீட்டிக் குறைக்கக்கூடிய நாக்குகளும் விற்கின்றன. கதவின் கனம் பெரும்பாலும் 35 முதல் 45 மி.மீ. இந்த நான்கும் ஒத்துப்போனால் உள்ளே உள்ள இரண்டு நீளத் திருகுகளைக் கழற்றி, இரு முகங்களையும் பிரித்து, விளிம்புத் திருகுகளை எடுத்து நாக்கை இழுத்துவிட்டுப் புதியதைப் போடலாம். வெளிமுகத்தின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டைக்கம்பி நாக்குப் பெட்டியின் துளைக்குள் நுழைய வேண்டும். நாக்கு உள்ளே இருக்கும்போது பட்டை நிற்க வேண்டிய கோணம் பூட்டோடு வரும் தாளில் காட்டப்பட்டிருக்கும். மாறிப் போட்டால் சாவி பாதியில் நிற்கும்.

நல்ல டெட்போல்ட்டின் நாக்கு 25 மி.மீ. வெளியே வரும். நிலையில் உள்ள குழி அதைவிட ஆழமாக இருக்க வேண்டும். குழி ஆழமில்லாவிட்டால் நாக்கு முழுவதும் நீளாது; முழுவதும் நீளாத நாக்கு உள்ளுக்குள் பூட்டிக்கொள்ளாது; வெளியிலிருந்து கம்பியால் தள்ளினால் பின்னுக்குப் போய்விடும். பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும் என்பதுதான் இதன் ஆபத்து. மரம் என்றால் உளியாலோ டிரில்லாலோ குழியை 30 மி.மீ. வரை ஆழப்படுத்துங்கள்.

லீவர் பூட்டில் சிலிண்டர் இல்லையே, என்ன செய்வது?

லீவர் பூட்டுக்குள் பித்தளையிலோ எஃகிலோ ஆன தட்டையான தகடுகள் அடுக்கி இருக்கும். சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். பூட்டுப் பணியாளர் அந்தத் தகடுகளின் வரிசையை மாற்றி, அதற்கேற்பப் புதுச் சாவி வெட்டித் தர முடியும். வேலை நுட்பமானது, வீட்டில் செய்யத்தக்கதல்ல. அதே மாதிரியில் புதுப் பூட்டு கிடைத்தால் பெட்டியையே மாற்றுவதுதான் எளிது.

விளிம்புத் தகட்டின் நீளம், அகலம், பெட்டியின் ஆழம், பின்தூரம், கைப்பிடித் துளையின் நடுவிலிருந்து சாவித்துளையின் நடுவரை உள்ள தொலைவு என்று ஐந்தையும் அளந்துகொள்ளுங்கள். கழற்றும்போது முதலில் கைப்பிடிகளையும் அவற்றை இணைக்கும் சதுரக் கம்பியையும் எடுங்கள். சாவியால் நாக்கை வெளியே நீட்டுங்கள், விளிம்பின் இரு திருகுகளைக் கழற்றுங்கள், நீட்டிய நாக்கையே இடுக்கியால் பிடித்து இழுங்கள். பெட்டி வந்துவிடும். புதிய பெட்டி பெரிதாக இருக்கிறதென்று கதவை மேலும் குடைய வேண்டாம். இருபுறமும் மிஞ்சும் மரம் மெலிந்தால் கதவு உதை தாங்காது. ஏற்கெனவே குடைந்த இடத்தில் பொருந்தும் அளவையே தேடுங்கள். வாங்கும்போது ஐந்து லீவருக்குக் குறையாமல் பாருங்கள்.

ரிம் பூட்டில்?

வெளியே வட்டச் சிலிண்டரும் உள்ளே பெட்டியும் தனித்தனியாக இருந்தால் சிலிண்டரை மட்டும் மாற்றலாம். பெட்டியைக் கழற்றினால் அதன் அடியில் உள்ள தகட்டில், சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகள் தெரியும். புதுச் சிலிண்டரோடு வரும் வால்கம்பியும் திருகுகளும் தேவைக்கு மேல் நீளமாக இருக்கும். ஒடிப்பதற்கென்றே அவற்றில் வரிப்பள்ளங்கள் உண்டு. பழைய கம்பியைப் பக்கத்தில் வைத்து அதே நீளத்துக்கு இடுக்கியால் ஒடியுங்கள். குட்டையாக ஒடித்துவிட்டால் கம்பி பெட்டியை எட்டாது, சாவி சும்மா சுழலும்.

பின்களை மட்டும் மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாமா?

பொறுமை இருந்தால் செய்யலாம். உங்கள் பூட்டின் நிறுவனத்துக்கும் சாவித் தடத்துக்கும் (சாவித்துளையின் குறுக்கு வடிவம்) உரிய கிட் வாங்க வேண்டும்; ஒரு நிறுவனத்தின் பின் அளவுகள் இன்னொன்றுக்குப் பொருந்தாது. கிட்டில் நிறத்தால் பிரித்த பின்களும், புதுச் சாவிகளும், பின்தொடர்கோல் எனத்தக்க ஓர் உருண்டைக் குச்சியும் இருக்கும். உருளையை வெளியே தள்ளும்போது அதன் பின்னாலேயே இடைவெளி விடாமல் அந்தக் குச்சி நுழைய வேண்டும். ஒரு நொடி இடைவெளி விட்டாலும் மேல்பின்களும் ஸ்பிரிங்குகளும் துள்ளி வெளியே விழும். ஆகவே விளிம்புள்ள தட்டின் மேல் வைத்துச் செய்யுங்கள்.

உருளை வெளியே வந்ததும் பழைய பின்களை எல்லாம் கொட்டிவிட்டுப் புதுச் சாவியைச் செருகி, கிட்டின் அட்டவணைப்படி பின்களைப் போடுங்கள். ஒவ்வொரு பின்னும் உருளையின் பரப்போடு சமமாக நிற்க வேண்டும். துருத்தினால் அது தவறான பின். அரத்தால் தேய்த்துச் சமன்செய்ய நினைக்காதீர்கள், சரியான அளவைத் தேடிப் போடுங்கள். பழைய பூட்டு முதன்மைச் சாவி அமைப்பில் (ஒரே சாவி பல பூட்டுகளைத் திறக்கும் ஏற்பாடு) இருந்திருந்தால் இரண்டு பின்களுக்கும் நடுவில் மெல்லிய வட்டத்துண்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட விட்டுவைக்கக் கூடாது. முடிந்ததும் புதுச் சாவி திறக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், பழைய சாவி திறக்கவில்லையா என்றும் பாருங்கள்.

எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி வைக்கலாமா?

வாசல், பின்வாசல், பக்கவாசல் மூன்றுக்கும் ஒரே சாவி என்பது நல்ல ஏற்பாடு. ஒரே நேரத்தில் வாங்கினால் கடையிலேயே அப்படி இசைத்துத் தருவார்கள். ஆனால் வெளியாருக்குச் சாவி கொடுக்கும் கதவை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். தோட்டக் கொட்டகைக்குக் கொடுத்த சாவி வாசலையும் திறக்கும் என்றால், சில மாதங்களில் சாவிக் கணக்கு மறுபடியும் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

உள்பக்கம் சாவித்துளை நல்லதா, கைக்குமிழ் நல்லதா?

கைக்குமிழ். தீப்பிடித்தால் புகையில் சாவியைத் தேடி உயிர் போகக் கூடாது. கதவிலோ பக்கத்திலோ கண்ணாடி இருந்தால் அதை உடைத்துக் கை விட்டுக் குமிழைத் திருப்பிவிடுவார்கள் என்ற கவலை நியாயமானதே. அதற்குத் தீர்வு கண்ணாடியைத் தடித்ததாக, அடுக்குக் கண்ணாடியாக மாற்றுவது. வெளியேறும் வழியைப் பூட்டி வைப்பது தீர்வல்ல. ஏற்கெனவே இருபுறமும் சாவி உள்ள பூட்டு இருந்து அதை உடனே மாற்ற முடியவில்லை என்றால், வீட்டில் ஆள் இருக்கும்போதெல்லாம் உள்பக்கம் சாவி செருகியே இருக்கட்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் கதவு தீத்தடுப்புக் கதவாக இருக்கலாம். அதில் புதுத் துளை போட்டால் அந்தத் தகுதி போய்விடும். சிலிண்டர் மாற்றுவதோடு நிறுத்துங்கள்.

எந்தத் தரத்தில் வாங்க வேண்டும்?

முத்திரை எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் அவை எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அமெரிக்காவின் ஏ.என்.எஸ்.ஐ. கிரேடுகளில் 1 உயர்ந்தது, 3 தாழ்ந்தது. ஐரோப்பாவின் சிலிண்டர் தரமான ஈ.என். 1303-இல் எண் கூடினால் பாதுகாப்புக் கூடும்.

யூரோ சிலிண்டர் என்றால் ஒடிப்பைத் தாங்குமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். திருகுக்காகத் துளையிட்ட நடுப்பகுதியில் உலோகம் மிக மெல்லியது; வெளிமுனையைப் பிடித்து வளைத்தால் அங்கேதான் முறியும், பிறகு விரலால்கூட இதழைத் திருப்பிவிடலாம். ஒடிப்பைத் தாங்கும் வகையில் முன்பக்கமே ஒரு வெட்டுக்கோடு வைத்திருப்பார்கள். முன் துண்டு மட்டும் உடைந்து விழும். மீதி பூட்டியபடியே நிற்கும். துளைப்பதைத் தடுக்கக் கடின எஃகுக் குச்சிகளும், சாவியில்லாமல் கம்பியால் பின்களைத் தூக்கித் திறப்பதைக் கடினமாக்க வடிவம் மாற்றிய மேல்பின்களும் இருக்கின்றனவா என்று அடுத்துக் கேளுங்கள்.

நல்ல பூட்டு போட்டாயிற்று. அது போதுமா?

நிலையில் உள்ள தகட்டைக் கழற்றி அதன் திருகுகளைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அவை 20 முதல் 25 மி.மீ. நீளமே இருக்கும், நிலையின் மேல்தோலை மட்டும் பிடித்திருக்கும். கதவை உதைத்தால் பூட்டு உடைவதில்லை, அந்தத் திருகுகள் மரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றன. விலை உயர்ந்த பூட்டு சேதமில்லாமல் கதவோடு உள்ளே திறந்துகொள்ளும்.

75 மி.மீ. திருகுகளைப் போடுங்கள். அவை நிலையைக் கடந்து அதன் பின்னால் உள்ள கட்டையையோ சுவரையோ பிடிக்க வேண்டும். மரத்துக்கு முதலில் 3 மி.மீ. துளை போட்டுக்கொண்டால் நிலை பிளக்காது. பின்னால் செங்கல்லோ கான்கிரீட்டோ இருந்தால் பிளக் சேர்ந்த நிலைத்திருகு தேவை. தகடும் மெல்லியதாக இருந்தால் நீண்ட எஃகுத் தகட்டைப் போட்டு நான்கு திருகுகளால் பிடியுங்கள். ஒவ்வொரு கீலிலும் நிலைப் பக்கத்தில் ஒரு திருகை இதே போல நீளமாக மாற்றுங்கள். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவில் கீலின் ஆணி வெளியே தெரியும். அதை உருவிக் கதவைக் கழற்ற முடியாதபடி கீல் பக்க விளிம்பில் எஃகு முளைகளைப் பொருத்துங்கள். இவ்வளவும் ஒரு மணி நேர வேலை. பூட்டுக்குச் செலவிட்டதில் சிறு பகுதிகூட ஆகாது.

வீட்டில் ஏற்கெனவே ஸ்மார்ட் பூட்டு இருக்கிறது.

பழைய உரிமையாளரின் கைப்பேசிக் கணக்கிலிருந்து அந்தப் பூட்டை அவரே நீக்க வேண்டும். சில பூட்டுகள் அது நடக்கும் வரை புதியவரை ஏற்காது. ஆகவே சாவி வாங்கும்போதே கேட்டு முடித்துவிடுங்கள். பிறகு தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். எண்கள், விரல்ரேகைகள், அட்டைகள் எல்லாம் அழிந்தனவா என்று பாருங்கள். மீட்டமைத்ததும் எல்லோருக்கும் தெரிந்த ஆரம்ப எண்ணில் பூட்டு நிற்கலாம்; அதே இடத்தில் நின்று மாற்றுங்கள். அவசரத்துக்கு வைத்த சாவித்துளை இருந்தால் அந்தச் சிலிண்டரையும் மாற்ற வேண்டும். பலர் எண்ணை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

வாசல் கதவைத் தவிர வேறு எதை மறந்துவிடுவோம்?

மொட்டைமாடிக் கதவு, வாகனக் கொட்டகைக் கதவு, அங்கிருந்து வீட்டுக்குள் வரும் கதவு, தபால் பெட்டி, வெளிவாயிலின் தொங்கு பூட்டு, சுவரில் பதித்த பெட்டகம். தொங்கு பூட்டைச் சீர்செய்ய முயல வேண்டாம், புதிது வாங்குங்கள். கொண்டியின் திருகுகள் பூட்டிய நிலையில் வெளியே தெரியக் கூடாது. வாகனக் கொட்டகைக் கதவு மின்சாரத்தில் இயங்கினால் மோட்டாரின் நினைவில் உள்ள எல்லா ரிமோட்டுகளையும் அழித்துவிட்டு உங்களுடையதை மட்டும் பதியுங்கள். எச்சரிக்கை மணியின் எண்களும் கண்காணிப்புக் கேமராவின் கணக்கும் சாவியைப் போலத்தான்.

புதுச் சாவிகள் மறுபடியும் பரவாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

எத்தனை சாவி, யாரிடம் என்று எழுதி வையுங்கள். சாவியில் முகவரி எழுதித் தொங்கவிடாதீர்கள். புதுப் பூட்டோடு வரும் அட்டையிலோ சாவியிலோ ஓர் எண் பொறித்திருந்தால் அதை வைத்தே நகல் வெட்டலாம். அந்த எண்ணை யாருக்கும் காட்ட வேண்டாம். அட்டை இருந்தால் மட்டும் நகல் வெட்டித் தரும் கட்டுப்பாடுள்ள சாவிகளும் உண்டு. வேலையாட்கள் அடிக்கடி வந்துபோகும் வீட்டுக்கு அதுவே ஏற்றது. ‘நகல் எடுக்கக் கூடாது’ என்று சாவியில் பொறித்திருப்பது மட்டும் எந்தத் தடையும் அல்ல.

புது வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துப் படம் எடுத்து இணையத்தில் போடுவதை அருள்கூர்ந்து தவிருங்கள். 2008-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், மேசைமேல் கிடந்த சாவிகளைச் சுமார் 60 மீட்டர் தொலைவில் ஒரு கூரையிலிருந்து படம் எடுத்து, அந்தப் படத்தைக் கொண்டே வெட்டுகளின் ஆழத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கைப்பேசிப் படம் அதைவிட எவ்வளவோ தெளிவானது.

பூட்டுப் பணியாளரை அழைத்தால் என்ன கேட்க வேண்டும்?

வருவதற்கு முன்பே வேலைக்கும் பொருளுக்கும் தனித்தனியாக மொத்தத் தொகையைக் கேளுங்கள். கதவு விளிம்பு, உட்பக்கம், வெளிப்பக்கம் மூன்றையும் படமெடுத்து அனுப்பினால் சரியான அளவோடு வருவார். சாவி கையில் இருக்கும் பூட்டைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் காரணம் கேளுங்கள். சாவி சுழலும் பூட்டைத் துளைக்க வேண்டியதில்லை. புதுச் சிலிண்டரின் உறை உங்கள் முன்னால் பிரிக்கப்படட்டும், சாவிகளை எண்ணி வாங்குங்கள்.

புதுப் பூட்டுக்கு எண்ணெய் விடலாமா?

சமையல் எண்ணெய், தையல் எந்திர எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகி, பின்கள் எழாமல் நின்றுவிடும். கிராஃபைட் தூளோ உலர்ந்த பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) தெளிப்போ சிறிது விட்டு, சாவியை நான்கைந்து முறை உள்ளே வெளியே நகர்த்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போதும். இரண்டையும் கலந்து விடாதீர்கள்.

கழற்றிய பழைய சிலிண்டரை என்ன செய்வது?

நல்ல நிலையில் இருந்தால் சாவிகளோடு சேர்த்து ஒரு பையில் போட்டு, எந்தக் கதவின் அளவு என்று எழுதி வையுங்கள். அடுத்தமுறை வீட்டில் வேலை நடக்கும்போது தற்காலிகச் சிலிண்டராகப் பயன்படும். வேலை முடிந்த அன்று மாலையே அதைக் கழற்றிவிட வேண்டும்.